கேமரா நின்ற இடம்: போர்க்கால ஆவணப்படங்களைப் பார்க்கும் முறை

பழைய போர்க்கால ஆவணப்படம் ஒன்றைப் பார்க்க உட்காரும்போது சண்டைக் காட்சி எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான படங்களில் நம்பகம் குறைந்த பகுதி அதுதான். குண்டு பறக்கும் இடத்தில் முக்காலியை ஊன்றிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நிற்பது எளிதில் நடக்கிற காரியமில்லை; ஆகவே, நெருக்கத்தில் தெரியும் சண்டைகள் பல, பின்னால் இருந்த பயிற்சி முகாமிலோ சண்டை ஓய்ந்தபின் அதே மலைச்சரிவிலோ நடித்துக் காட்டப்பட்டவை. அதே படத்தில் சிப்பாய்கள் சாப்பிடுவதும், குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதும், பீரங்கிக் குண்டுகளைத் தூக்கிச் சுமப்பதும், தங்கள் முறை வரும்வரை குந்தியிருப்பதும் பெரும்பாலும் நடந்தது நடந்தபடியே பதிவானவை. படைவாழ்க்கையை அறிய விரும்புகிறவருக்கு அவைதான் சரக்கு. இந்த இரண்டையும் பிரித்தறிந்து பார்ப்பது எப்படி என்பதை, நானே பலமுறை ஏமாந்து கற்றுக்கொண்ட வரிசையில் கீழே தருகிறேன்.

எதிலிருந்து தொடங்குவது

தொடங்குவதற்கு ஏற்ற படம் 'தி பேட்டில் ஆஃப் தி சோம்'. 1916 ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மக்டோவல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர்கள் எடுத்த ஊமைப்படம் இது. ஐந்து பாகங்கள், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். சோம் சண்டை அந்த ஆண்டு நவம்பர்வரை நீடித்தது. படமோ ஆகஸ்டிலேயே லண்டன் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. முதல் ஆறு வாரங்களில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. தன் பிள்ளை இன்னும் அதே பதுங்குகுழியில் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்மார்கள் இதைப் பார்த்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள் என்பது விளங்கத் தொடங்கும். 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற இந்தப் படத்தை லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் பாதுகாத்துவருகிறது. செப்பம் செய்யப்பட்ட பிரதியும் அவர்கள் வெளியிட்டதே.

பிரதியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். யூடியூபில் கிடைக்கும் இரண்டு நிமிடத் துண்டுகள் வேறு வேறு படங்களிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை. 1916-ன் காட்சியும் 1918-ன் காட்சியும் அடுத்தடுத்து வரும். எனவே ஆவணக் காப்பகம் வெளியிட்ட முழுப் பிரதியையே தேடுங்கள். வண்ணம் பூசி, ஒலி சேர்த்துப் புதுப்பித்த வடிவங்களை முதலில் தொடாமல் இருப்பது நல்லது. பீட்டர் ஜாக்சன் 2018-ல் வெளியிட்ட 'தே ஷால் நாட் க்ரோ ஓல்ட்' அவ்வகையில் மிக உழைப்பான வேலை; வாயசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து அந்தச் சிப்பாய்கள் பேசியதைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அதில் தெரியும் புல்லின் பச்சையும் கேட்கும் குரலும் நம் காலத்தவர் முடிவு செய்தவை. மூலத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் போனால் எது கூடுதலாகச் சேர்ந்தது என்று பிடித்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டு மூலத்துக்கு வந்தால் மூலம் சப்பென்று தோன்றிவிடும்.

முதலில் வேகத்தைச் சரிசெய்யுங்கள்

பழைய படத்தில் சிப்பாய்கள் துள்ளித் துள்ளி நடப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அவர்கள் அப்படி நடக்கவில்லை. அக்காலக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். விநாடிக்குச் சுமார் 16 படங்கள் பதிவாகும். பேசும்படம் வந்தபின் வேகம் விநாடிக்கு 24 என்று நிலைத்தது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு விரைவாக நடக்கும். துயரமான ஊர்வலம்கூடக் கேலிக்கூத்தாகிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அணிவகுத்து நடக்கும் காட்சியில் ஒரு சிப்பாயின் காலை மட்டும் கவனித்து அரை நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறார் என்று எண்ணுங்கள். பிரிட்டிஷ் காலாட்படையின் விரைவு நடை பொதுவாக நிமிடத்துக்கு 120 எட்டு. அரை நிமிடத்துக்கு 60. நீங்கள் எண்ணியது 90-ஐ நெருங்கினால் பிரதி வேகமாக ஓடுகிறது என்று பொருள். விஎல்சி போன்ற செயலியில் ஓடும் வேகத்தை 0.67 ஆகக் குறைத்துப் பாருங்கள். மூட்டை முடிச்சோடு நெடுந்தொலைவு நடக்கிறவர்கள் இதைவிட மெதுவாகத்தான் நடப்பார்கள். கையால் சுற்றியவரின் வேகமும் களைப்புக்கும் பதற்றத்துக்கும் ஏற்ப மாறும். ஆகவே எண்ணை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளாமல், முகங்கள் மனித முகங்களாகத் தெரிகிற வேகத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வேகம் சரியானதும் படமே மாறிவிடும். கேமராவைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதும், சிலர் தொப்பியைக் கழற்றி ஆட்டுவதும், ஒருவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் போவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். அக்காலக் கறுப்பு வெள்ளைச் சுருளுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் வெள்ளையாகவே விழும். எனவே வானம் வெளுத்திருப்பதை வைத்து அன்று மேகமூட்டம் என்று முடிவு கட்டக்கூடாது. தலைமையக அதிகாரிகளின் கழுத்துப்பட்டையில் இருந்த சிவப்புத் துண்டு ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும்.

ஒலியை நிறுத்திவிடுங்கள்

சோம் படத்துக்கு ஒலியே கிடையாது. இப்போது கேட்பது பின்னர் சேர்த்த இசை. இரண்டாம் உலகப்போர்ப் படங்களில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். அங்கேயும் களத்தில் சுழன்ற கேமராக்கள் பெரும்பாலும் ஊமைக் கேமராக்களே. வெடிச்சத்தம், விமான இரைச்சல், சிப்பாயின் கூச்சல் எல்லாம் பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தவை. ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வாய்லரின் 'தி மெம்ஃபிஸ் பெல்' 1944-ல் வெளிவந்தது. ஜெர்மனிமீது குண்டு வீசப்போகும் அமெரிக்க விமானத்துக்குள் குழுவினர் ஒருவரோடொருவர் பதற்றமாகப் பேசிக்கொள்வது அதில் கேட்கும். அது அந்தக் குழுவினரின் குரல்தான். ஆனால் ஊர் திரும்பியபின் ஹாலிவுட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேசிப் பதிந்த குரல். ஒரே நாளில் ஒரே ஊரைத் தாக்கியதாகப் படம் சொல்கிறது. காட்சிகளோ பல நாட்களில் பல பயணங்களில் எடுத்தவை.

ஆகவே இரண்டாம் முறை பார்க்கும்போது ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். விளக்கக் குரல் எதைப் பார் என்று சொல்கிறதோ அதை மட்டுமே நம் கண் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் விடுபடும். குரல் தளபதியின் வியூகத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒருவர் நனைந்த காலுறையைப் பிழிந்துகொண்டிருப்பார்.

கேமரா எங்கே நின்றது?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு காட்சிக்கும் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. சோம் படத்தின் மிகப் பெயர்பெற்ற காட்சியை எடுத்துக்கொள்வோம். பதுங்குகுழிக்குள் சிப்பாய்கள் நிற்கிறார்கள்; அதிகாரி கையசைக்கிறார்; எல்லாரும் மண்சுவரில் ஏறி மேலே போகிறார்கள்; ஒருவர் மட்டும் விளிம்பிலேயே சாய்ந்து கீழே சரிந்து கிடக்கிறார். அடுத்த காட்சியில் புகைக்குள் ஓடுகிறவர்களில் இருவர் விழுகிறார்கள். நூறாண்டுகளாக எத்தனையோ படங்களும் நூல்களும் இதைத்தான் முதல் உலகப்போர் என்று காட்டிவருகின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பியிருந்தேன்.

இப்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஏறுகிறவர்களின் முதுகில் மூட்டை இல்லை. உண்மையில் 1916 ஜூலை 1 அன்று தாக்கப் போனவர்கள் தோட்டா, உணவு, தண்ணீர், மண்வெட்டி என்று ஏறக்குறைய 27 கிலோவும் அதற்கு மேலும் சுமந்துபோனார்கள். பதுங்குகுழி ஆழமில்லாமல் இருக்கிறது. முள்கம்பி வேலி பேருக்குத்தான் நிற்கிறது. அதைவிட முக்கியம், கேமரா நின்ற இடம். ஓடுகிறவர்களை அந்தக் கோணத்தில் எடுக்க வேண்டுமானால் ஒளிப்பதிவாளர் திறந்தவெளியில் எதிரியின் பார்வையில் நின்றிருக்க வேண்டும். விழுந்தவர்களில் ஒருவர் சற்று நேரம் கழித்துக் கால்மேல் கால் போட்டுக்கொள்வதையும் பார்க்கலாம். முன்னணிக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் நடித்துக் காட்டியது இது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். மொத்தம் ஒரு நிமிடம்கூட வராத காட்சி. முழுப் படத்தையும் இதை வைத்துத் தள்ளிவிடுவது பெரிய நஷ்டம்.

ஏனெனில், அதற்குச் சற்றுத் தள்ளித்தான் உண்மையான தாக்குதல் வருகிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தொலைவில் ஒரு சரிவு. அதில் எறும்பு போலச் சில புள்ளிகள் நகர்கின்றன. அவ்வளவுதான். கேமரா பாதுகாப்பான தொலைவில் நின்றது, ஆகவே காட்சியும் அவ்வளவுதான் தெரியும். ஜெர்மானியர் வசமிருந்த ஹாதார்ன் மேட்டின் அடியில் புதைத்த சுமார் 18,000 கிலோ வெடிமருந்து அன்று காலை 7.20-க்கு வெடித்து மண் கோபுரமாக எழும் காட்சியும் உண்மையானதே. வெடிப்பதற்குள் சுருள் தீர்ந்துவிடுமோ என்று தவித்ததாக மாலின்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஆனால் நான் உங்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லும் காட்சி வேறு. போமோன்-ஹாமல் ஊரருகே இரண்டு அணிகளுக்கும் நடுவிலிருந்த ஒரு பள்ளப்பாதையில் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படையின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் கரையோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதே ஜூலை 1, காலை, தாக்குதலுக்குச் சற்று முன். யாரும் ஓடவில்லை, சுடவில்லை. ஒருவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயல்கிறார். பக்கத்தில் இருப்பவர் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை விலக்கிக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் பள்ளத்தைவிட்டு மேலேறிய அவர்களில் பலர் திரும்பவில்லை. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் மாண்டும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். இறந்தவர்கள் மட்டும் 19,240. போர்க்களத்தில் காத்திருத்தல் என்றால் என்ன என்பதை இந்தச் சில விநாடிகளுக்கு நிகராகக் காட்டிய காட்சி எதையும் நான் பார்த்ததில்லை.

கேமரா நடுங்கினால் காட்சி உண்மை என்று நினைப்பது அடுத்த பொறி. ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹ்யூஸ்டன் இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியில் எடுத்த 'தி பேட்டில் ஆஃப் சான் பியத்ரோ' முழுக்கக் கேமரா குலுங்குகிறது. 1943 டிசம்பரில் அந்த மலைக்கிராமத்துக்காக நடந்த சண்டையை உடனிருந்து எடுத்தது போலவே இருக்கும். பெரும்பகுதி, சண்டை முடிந்தபின் அதே படையினரை வைத்து மீண்டும் நடத்தி எடுத்தது. முன்னேறும் சிப்பாய்களின் முகம் நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கேமரா அவர்களுக்கு முன்னால், அதாவது எதிரி இருக்க வேண்டிய பக்கத்தில் நின்றிருக்கிறது. முதுகு மட்டும் தெரிந்தால் நம்பக் கொஞ்சம் இடமுண்டு. அதே படத்தின் இறுதியில், ஒளிந்திருந்த ஊர்மக்கள் இடிபாடுகளுக்குத் திரும்பிவரும்போது குழந்தைகள் கேமராவை வெறிப்பதை மட்டும் யாரும் இயக்கியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

(இங்கே ஒரு தமிழ்த் தொடர்பைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. அந்தக் கிராமத்தை ஒட்டிய மிஞ்ஞானோவில்தான், இரண்டு மாதம் கழித்து, 1944 பிப்ரவரி 24 அன்று, செங்கல்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்பிரமணியன் சகவீரர்களைக் காக்கக் கண்ணிவெடிமீது விழுந்து உயிர்விட்டார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையைச் சேர்ந்த அவருக்கு, பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. எந்தப் படம் எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதத்தில் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதும் பார்வையின் ஒரு பகுதி.)

குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

மூன்றாம் முறை பார்க்கும்போது நோட்டுப் புத்தகமும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். காட்சி தொடங்கும் நேரம், கண்ணுக்குத் தெரிவது, எழுத்து அட்டையோ (ஊமைப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் வாசகம்) விளக்கக் குரலோ சொல்வது, கேமரா நின்றிருக்கக்கூடிய இடம் ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். தெரிவதையும் சொல்லப்படுவதையும் ஒரே வரியில் கலந்துவிடுவதுதான் எல்லாருக்கும் நேரும் பிழை. "காயம்பட்டவர்கள் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள்" என்று எழுதிவிடுவோம். திரும்பப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது, கையில் கட்டோடு ஒருவர் சிகரெட் பிடித்தபடி போவது மட்டும்தான். மகிழ்ச்சி என்பது எழுத்து அட்டையின் சொல்.

படைவாழ்க்கையை அறிய எவற்றைக் குறிப்பது என்று கேட்டால், சுமை என்பேன் முதலில். யார் எதைத் தூக்குகிறார்கள், எத்தனை பேர் சேர்ந்து தூக்குகிறார்கள், குதிரை இழுக்கிறதா மனிதன் இழுக்கிறானா என்று பாருங்கள். சோம் படத்தில் தாக்குதலுக்கு முன் வரும் பகுதியில் பெரும்பங்கு சுமைதான்: பெட்டி பெட்டியாகக் குண்டுகள், பெரிய பீரங்கிக்குப் பளு தூக்கியால் ஏற்றும் ஒற்றைக் குண்டு, நீண்ட கம்பியின் நுனியில் உருண்டையாக இருக்கும் பதுங்குகுழிக் குண்டைத் தோளில் வைத்துப் போகும் வரிசை. போர் என்பது பெருமளவில் கூலிவேலை என்பதை எழுத்து அட்டைகள் சொல்லாவிட்டாலும் படம் சொல்லிவிடுகிறது. அதன் பின் சாப்பாடு, குளியல், உறக்கம், கால். இரும்புத் தொப்பிமீது சாக்குத் துணி சுற்றியிருக்கிறதா? காலில் சுற்றிய பட்டித்துணி அவிழ்ந்து தொங்குகிறதா? பிடிபட்ட ஜெர்மானியருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர் அவர் முகத்தைப் பார்க்கிறாரா? மீசைகூடச் செய்தி சொல்லும்: பிரிட்டிஷ் படையினர் மேலுதட்டை மழிக்கக்கூடாது என்ற விதி 1916 அக்டோபர்வரை ஏட்டில் இருந்தது; படத்தில் மழித்த முகங்களைப் பார்த்தால், களத்தில் அதை எவ்வளவு மதித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போர்ப் படங்களில் காட்சிகள் துண்டு துண்டாக இருப்பதற்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் தணிக்கையாளர் தலையில் போட்டுவிடக்கூடாது. பரவலாகப் பயன்பட்ட ஐமோ கேமராவில் 100 அடிச் சுருள்தான் ஏற்றுவார்கள். அது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். சாவி கொடுத்து ஓடும் கேமரா என்பதால் ஒரு காட்சி தொடர்ந்து அரை நிமிடம் வருவதே பெரிது.

படத்துக்கு வெளியே தேடுதல்

படத்தைவிட, படத்தில் சேராத சுருள்கள் சில நேரம் மதிப்பு மிக்கவை. மெம்ஃபிஸ் பெல்லுக்காக எடுத்த சுமார் 15 மணி நேர மூலக் காட்சிகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்து, அவற்றைக் கொண்டு 2018-ல் வேறொரு படமே வந்தது. பிரிட்டிஷ் ராணுவத் திரைப்படப் பிரிவின் ஒளிப்பதிவாளர்கள் ஒவ்வொரு சுருளோடும் எங்கே, எப்போது, யாரை எடுத்தோம் என்று ஒரு தாள் எழுதி அனுப்புவார்கள். 'டோப் ஷீட்' என்பது அவர்கள் வழக்கு. இம்பீரியல் அருங்காட்சியகத்தின் பட்டியல் விவரங்களுக்கு இத்தாள்களே அடிப்படை. முதல் உலகப்போருக்கு, ஒவ்வொரு பட்டாலியனும் நாள்தோறும் எழுதிய போர்க்குறிப்பேடுகள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 95 என்ற வரிசையில் உள்ளன. அமெரிக்க ராணுவத்துக்காகப் படம் எடுத்த சிக்னல் பிரிவின் சுருள்களுக்கு அங்குள்ள தேசியக் காப்பகத்தின் 111-ஆம் தொகுதியைத் தேட வேண்டும்.

வெளிவராமல் போன படங்களையும் விட்டுவிடாதீர்கள். போர் முடிந்ததும் மனம் சிதைந்து திரும்பிய சிப்பாய்களை ஒரு ராணுவ மருத்துவமனையில் வைத்து ஹ்யூஸ்டன் எடுத்த 'லெட் தேர் பி லைட்' படத்தை ராணுவம் ஏறக்குறைய 35 ஆண்டுகள் பொதுமக்களுக்குக் காட்டவிடவில்லை. சான் பியத்ரோ படத்தில் மலையேறுகிறவர்களைப் பார்த்த கையோடு இதையும் பார்த்தால், இரண்டும் ஒரே வாழ்க்கையின் இரு துண்டுகள் என்பது புலப்படும்.

இந்தியச் சிப்பாய்களைத் தேடுகிறவர்களுக்கு வேறொரு பொறுமை வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை 25 லட்சமாக வளர்ந்தது. பர்மாவில் சண்டையிட்ட 14-ஆம் படையில் பெரும்பான்மையோர் இந்தியர். ஆயினும் அக்கால பிரிட்டிஷ் படங்களில் அவர்கள் பெயரில்லாத கூட்டமாகவே வந்துபோவார்கள். எத்தனை விநாடி வருகிறார்கள், எவ்வளவு நெருக்கத்தில் தெரிகிறார்கள், யாருக்காவது பெயர் சொல்லப்படுகிறதா என்று தனியாக ஒரு கணக்கு எழுதுங்கள். உள்நாட்டில் 1943 முதல் 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' தயாரித்த போர்ப்படங்களும் 'இந்தியன் நியூஸ் பரேட்' செய்திப்படங்களும் தமிழ் விளக்கக் குரலோடும் வந்தன. அரசு ஒப்புதல் பெற்ற படங்களை ஒவ்வொரு காட்சியிலும் திரையிட்டாக வேண்டும் என்று கொட்டகைக்காரர்களுக்குச் சட்டம் இருந்தது. வீட்டில் தொண்ணூறைக் கடந்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். காப்பகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் சூட்டும் முன்

கடைசியாக ஒரு எச்சரிக்கை. முகத்தைப் பார்த்ததும் "இவர் எங்கள் தாத்தா" என்று சொல்லத் தோன்றும். சோம் படத்தில், காயம்பட்ட ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு பதுங்குகுழி வழியாகக் கேமராவை நோக்கி வரும் சிப்பாய் ஒருவர் உண்டு. சுமந்து வரப்பட்டவர் 30 நிமிடத்தில் இறந்தார் என்று எழுத்து அட்டை தெரிவிக்கிறது. சுமந்தவர் இன்னார் என்று நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் உரிமை கோரியிருக்கின்றன. இன்றுவரை எதுவும் உறுதியாகவில்லை. ஆகவே குறிப்பேட்டில் ஒரு முகத்துக்குப் பெயர் எழுதும் முன், அந்தப் பட்டாலியன் அன்று அந்த இடத்தில் இருந்ததாகப் போர்க்குறிப்பேடு சொல்கிறதா, தோளிலுள்ள சின்னம் பொருந்துகிறதா, அதே ஆண்டில் எடுத்த வேறு புகைப்படத்தோடு காதின் வடிவம் ஒத்துப்போகிறதா என்று மூன்றையும் பாருங்கள். ஒன்று இடித்தாலும் "அடையாளம் தெரியவில்லை" என்றே எழுதி, காட்சியின் நேரத்தை மட்டும் துல்லியமாகக் குறித்துவையுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது போதும்.